மாடுகளின் நடைக்கொப்பி

எல்ஸ்பெத் கார்லனால் எனக்கு ஆறு குளிர்காலம் நாள்தோறும் மூன்று நிமிடம் பிந்தியது. இந்த நாட்டில் பஸ் மூன்று நிமிடம் பிந்தினால் அது ஒரு செய்தி. சனங்கள் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் பிடரியைப் பார்ப்பார்கள். வாய் திறந்து ஏசினால்கூடப் பரவாயில்லை, திருப்பி ஏசலாம். இவர்கள் பெருமூச்சு மட்டும் விடுவார்கள்.

நான் ஓட்டுவது ஹின்டர்மோஸ் ஊருக்குப் போகும் மஞ்சள் பஸ். கீழே ரயில் நிலையத்தில் பத்து ஐந்துக்குப் புறப்பட்டால் பத்து நாற்பதுக்கு கார்லன் வளைவு. அந்த வளைவில் கீழ்ப்பக்கம் எல்ஸ்பெத்தின் கொட்டில், மேல்பக்கம் வேலி போட்ட முற்றம். நவம்பரிலிருந்து மலைக்குப் பின்னாலிருந்து வெயில் எட்டிப்பார்க்கும் நேரம் பத்தரை. அதுவும் மேல்பக்கத்தில் மட்டும்தான் விழும். ஆகவே பத்து நாற்பதுக்குப் பதினொரு மாடுகள், சிவப்பும் வெள்ளையும், தலையில் முழுக் கொம்புகளோடு, என் பஸ்ஸின் முன்னால் ஆறுதலாக வீதியைக் கடக்கும். கடைசி மாட்டின் பின்னால் அந்த மனுசி எல்ஸ்பெத் வருவார். என்னைப் பார்த்துத் தலையசைக்கவும் மாட்டார்.

பஸ் நிர்வாகம் அவருக்கு இரண்டு முறை கடிதம் போட்டது. மாடுகளைப் பத்து நிமிடம் முந்தியோ பிந்தியோ கடக்க விடலாமே என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். எல்ஸ்பெத் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதி, கீழே போக பஸ்ஸில் ஏறியபோது என்னிடம் தந்துவிட்டார். "வெயில் இருப்பது ஒன்றேகால் மணித்தியாலம். அதில் பத்து நிமிடத்தை உங்களுக்குத் தர மாடுகளுக்கு விருப்பமில்லை. பஸ்ஸைப் பிந்தி விடுங்கள்."

அப்போது அவருக்கு அறுபத்து மூன்று வயது. குள்ளம், அகலமான தோள், உரத்த குரல். இருபத்து நான்கு வயதில், தகப்பன் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து படுக்கையான பிறகு, பண்ணையை எடுத்தவர். தம்பி பட்டணத்தில் வங்கி வேலைக்குப் போய்விட்டான். தனிப் பெண் இரண்டு வருடத்தில் விற்றுவிட்டுப் போவாள் என்று ஊர் ஆண்கள் சொன்னார்களாம். அப்படிச் சொன்ன மூன்று பேரின் செத்தவீட்டுக்கும் எல்ஸ்பெத் போய் வந்துவிட்டார். சினை ஊசி போட வந்த ஒருவன் வாசலில் நின்று "வீட்டுக்காரர் எங்கை?" என்று கேட்டானாம். "வீட்டுக்காரர் நான்தான். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாரும்" என்றாராம். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

மற்றவர்கள் புதிய கொட்டில் கட்டி மாடுகளை உள்ளே அவிழ்த்துவிட்டு, ஒன்றையொன்று குத்தாமலிருக்கக் கொம்புகளைச் சுட்டுவிட்டார்கள். எல்ஸ்பெத்திடம் பழைய கொட்டில்தான், கட்டி வைக்கும் கொட்டில். கொம்பைத் தொட அவர் விடவில்லை. மிருக வைத்தியர் நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கிறார். "உமக்கு மூக்குக் கொஞ்சம் நீளம்தான், டொக்டர். நான் எப்பவாவது வெட்டச் சொன்னனானோ?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

மாடுகளைக் கட்டி வைப்பவர் என்பதால் அவற்றை வெளியே விடுவதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது. முன்னொரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் நவம்பரில் கட்டிய மாட்டை மே மாதம்தான் அவிழ்ப்பார்கள். வெளியே வந்த மாடு நடக்கத் தெரியாமல் முழங்காலில் விழும். "என்ர அப்பாவும் அப்பிடித்தான் கட்டினவர். ஏழு வயசில நான் வாசலில நிண்டு பாத்தனான். நல்ல மனுசன்தான். மாட்டு விசயத்தில மட்டும் குருடு" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். சட்டம் வந்தபோது ஊரில் பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். எல்ஸ்பெத் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்.

சட்டம் இதுதான். மலை விவசாயிக்குப் பாலில் வருவது பாதிச் சீவியம், அரசாங்கக் கொடுப்பனவு மீதிப் பாதி. அது சும்மா வராது. சாணித் தண்ணீர் ஓடையில் கலக்கக்கூடாது. பூக்கிற புல்லைக் குறித்த திகதிக்கு முன் வெட்டக்கூடாது. கட்டியிருக்கும் மாடு குளிர்காலத்திலும் மாதம் பதின்மூன்று நாளாவது வெளியே நடக்க வேண்டும். நடந்த நாளைக் கொப்பியில் சரி போட வேண்டும். மூன்று நாள் பிந்தி எழுதலாம், ஒரு நாள்கூட முந்தி எழுதக்கூடாது. எங்கள் ஊரில் அதற்கு நடைக்கொப்பி என்று பெயர்.

பதின்மூன்று நாள் கேட்ட சட்டத்துக்கு எல்ஸ்பெத் முப்பது நாளும் கொடுத்தார். கொட்டிலுக்குப் பின்னால் நிழலில் விட்டாலே சட்டத்துக்குப் போதும். அவர் வெயிலுக்காக வீதியைக் கடந்தார். இதையெல்லாம் சரியாகச் செய்த மனுசி, கொப்பியில் மட்டும் ஒரு பிழை விட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, வரப்போகிற கிழமைக்கு ஏழு சரியையும் ஒரேயடியாகப் போட்டுவிடுவார். அவருக்கு அதில் பிழையே தெரியவில்லை. மாடுகள் போகாத நாள் என்று ஒன்று இருந்தால்தானே யோசிப்பதற்கு! நேரம் தவறாத இந்தச் சனங்களுக்குத்தான் இப்படியொரு பிழை விட முடியும் என்று நினைக்கிறேன்.

ஜனவரி கடைசிப் புதன்கிழமை நிக்லவுஸ் ரீபன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். இங்கே பரிசோதகர்களும் விவசாயிகள்தான். நிக்லவுஸ் எதிர்ப்பக்க மலையில் மாடு வைத்திருப்பவர், எல்ஸ்பெத்தோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். நான் அங்கே இருக்கவில்லை. இரண்டு பேரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். சொன்ன கதை ஒன்றுதான்.

நிக்லவுஸ் மாடுகளைத் தடவிப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், படுக்கை வைக்கோலைப் பிசைந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பிறகு கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கொப்பியை எடுத்தார்.

"எல்ஸ்பெத், இண்டைக்கு என்ன கிழமை?"

"புதன். உன்ர வீட்டில கலண்டர் இல்லையோ?"

"அப்ப வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறுக்கும் ஏன் சரி போட்டிருக்கு?"

"போகுங்கள். அதுக்குத்தான்."

"இன்னும் போகேல்லையே!"

"கலண்டரில நாளைக்குச் சூரியன் எட்டு மணிக்கு உதிக்கும் எண்டு அச்சடிச்சிருக்கு. கலண்டர்காரனுக்கு அபராதம் போட்டனியளோ?"

நிக்லவுஸ் சிரித்துவிட்டாராம். சிரித்து முடிந்ததும் தலையில் கை வைத்தார். முன்னுக்கு எழுதிய கொப்பி செல்லாது. செல்லாத கொப்பி என்றால் மாடுகள் நடந்ததற்குச் சாட்சி இல்லை. போதாக்குறைக்கு, முந்திய வருடம் சாணிக்கிடங்குச் சுவரில் இருந்த ஒரு வெடிப்புக்காக எல்ஸ்பெத்துக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை இருந்தது.

நிக்லவுஸ் கெட்ட மனிதர் இல்லை. பழைய சிநேகிதிக்கு ஒரு வழி காட்டினார். படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவது, "மாடுகள் வெளியே விடப்படவில்லை." இரண்டாவது, "பொய்ப் பதிவு." முதலாவதில் புள்ளடி போட்டு, ஜனவரி மாதம் மட்டும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் கொடுப்பனவில் சின்ன வெட்டோடு போய்விடும். இரண்டாவது என்றால் குளிர்காலக் கொடுப்பனவு முழுக்கப் போய், மற்றதிலும் வெட்டு விழும். இரண்டு மாடு விற்க வேண்டி வரும்.

"முதலாவதைப் போடு. குளிர் கூட, விட முடியேல்லை எண்டு சொல்லு. முடிஞ்சுது."

"விட்டனான்."

"எனக்குத் தெரியும் விட்டனீ எண்டு. முழுப் பள்ளத்தாக்குக்கும் தெரியும். கந்தோரில இருக்கிற அதிகாரிமாருக்குத் தெரியாது. ஒரு கட்டம்தானே, ஆர் பாக்கப்போறாங்கள்?"

"நான் பாப்பன்."

"எல்ஸ்பெத்..."

"நிக்லவுஸ், கேள். என்ர மாட்டை நான் குளிர்காலம் முழுக்கக் கட்டி வச்சனான் எண்டு என்ர கையால எழுதித் தரச் சொல்லுறாய். என்ர அப்பா செய்ததை நான் செய்தனான் எண்டு! வேற வீட்டைப் பார். ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதைதான் உங்கட கந்தோர்க் கதை. மாட்டைப் பாக்க வந்தனி, மாடு நல்லா இருக்கு. கொப்பியைப் பாத்து அழுறாய்."

நிக்லவுஸ் இரண்டு கட்டத்தையும் வெறுமையாக விட்டு, உரிமையாளர் மறுப்பு என்று எழுதிக்கொண்டு போனார். தீர்ப்பு பட்டணத்து விவசாயக் கந்தோரில், பெப்ரவரி முடிவில்.

அடுத்த நாள் பத்து நாற்பதுக்கு மாடுகள் கடந்து முடிந்த பிறகும் எல்ஸ்பெத் வீதி நடுவில் நின்றார். நேராக வந்து என் கதவைத் தட்டினார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"நேசன், நீர் பிந்தினால் எங்கையும் எழுதுறனீரோ?"

எனக்குத் திக்கென்றது. எழுதினேன். பஸ்ஸில் ஒரு பெட்டி இருக்கிறது. மூன்று நிமிடம் பிந்தினால் காரணத்தை அழுத்த வேண்டும். பனி, நெரிசல், பயணி, விலங்கு. ஆறு வருடமாக அந்தக் கடைசிப் பொத்தானைக் குத்திக் குத்தி அதன் படமே அழிந்துவிட்டது. மனுசிக்கு வந்த இரண்டு கடிதமும் என்னால்தான். தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், எழுதுறனான்" என்றேன்.

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

"விடுமுறையில நீர் போனால்?"

"வாற ஆளும் எழுதும். எழுதாட்டி எங்களுக்கு ஏச்சு."

அவர் கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமையான கோள்மூட்டியப்பா நீர்!" என்றார். பின் இருக்கையிலிருந்து சப்பாத்துக்கடைக் கிழவி, "இண்டைக்கு அஞ்சு நிமிசம், நேசன்!" என்று கத்தினாள். "வீட்டை போய் என்னத்தை வெட்டிப் புடுங்கப்போறீர்? இரும்!" என்று எல்ஸ்பெத் என் சார்பில் பதில் கொடுத்தார். நான் எத்தனை வருடம் சொல்லத் துடித்த வார்த்தை அது!

என் மேலாளர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அச்செடுத்துத் தந்தார். நவம்பர் முதலாம் திகதியிலிருந்து பரிசோதனைக்கு முதல் நாள் வரை எழுபத்திரண்டு ஓட்டங்கள். ஞாயிறும் பெருநாளும் இந்த ஊருக்கு பஸ் இல்லை. நான் வழியில் நிறுத்திவைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கார்லன் வளைவு, விலங்கு, மூன்று நிமிடம். கார்லன் வளைவு, விலங்கு, நான்கு நிமிடம். மனம் குளிர்ந்துகொண்டே வந்தது, மூன்றாவது தாளில் ஒரு வரி வரும்வரை. ஜனவரி பதினான்கு, செவ்வாய். கார்லன் வளைவு, நேரத்துக்கு.

அன்று பின்னேரம் அவருடைய குசினியில் தாள்களை மேசையில் வைத்தேன். எல்ஸ்பெத் பாணும் பாற்கட்டியும் வெட்டி வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவி வாசித்தார். பதினான்காம் திகதியில் விரல் நின்றது.

"உம்மட பெட்டி பழுது."

"பழுதில்லை. அண்டைக்கு நீங்கள் எட்டுப் பத்து பஸ்ஸில கீழ போனனீங்கள். என்ர பஸ்ஸிலதான். கன்னம் வீங்கியிருந்தது."

அவருடைய நாக்கு வாய்க்குள் ஒரு பக்கம் போய் எதையோ தேடியது. "பல்லு" என்றார் மெதுவாக. "பல்லுப் புடுங்கப் போனனான். ரெண்டு மணிக்குத்தான் திரும்பி வந்தது." எழுந்துபோய்க் கொட்டிலிலிருந்து கொப்பியை எடுத்து வந்தார். பதினான்காம் திகதிக்கு நேரே, மற்ற நாள்களைப் போலவே, வடிவான ஒரு சரி. முந்திய ஞாயிற்றுக்கிழமை போட்டது. அந்த ஒரு நாளை வெறுமையாக விட்டிருந்தாலும் சட்டத்துக்கு ஒன்றும் குறைந்திராது. எல்ஸ்பெத்தின் முகம் கழுத்திலிருந்து சிவந்தது. யார் யாரையோ வாயால் வறுத்தெடுத்த மனுசி, இப்போது பாண் துண்டைத்தான் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மூண்டாவது தாளை விடுவம்" என்றேன். "மற்ற மூண்டு தாளே காணும். மாதத்துக்குப் பதின்மூண்டு நாள்தானே கேக்கிறாங்கள். ஆர் எண்ணப்போறாங்கள்?"

"நீரும் நிக்லவுஸ் மாதிரித்தான் கதைக்கிறீர்."

"நான் உங்கட நல்லதுக்குச் சொல்லுறன்! ரெண்டு மாடு போகும்!"

"என்ர மாடு. எனக்கு எண்ணத் தெரியும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாற்கட்டியைத் தொடாமலே எழுந்துவிட்டேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிற ஆளோடு என்ன கதைப்பது? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெடப்போகிற தவளையைக் கந்தோருக்கு ஏற்றிக்கொண்டு போகிற வேலையும் எனக்குத்தான் வந்தது. சாட்சியாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

கந்தோரில் எங்களை விசாரித்தவர் ரெகுலா பீரி என்ற இளம் அதிகாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணியமான ஆள், கதிரை இழுத்துப் போட்டார், தண்ணீர் வைத்தார். எல்ஸ்பெத் கோயில் உடுப்பில் வந்திருந்தார். தாள்களை வாங்கிய ரெகுலா மேலிருந்து இரண்டு தாளைப் பார்த்ததுமே அவருடைய முகம் மலர்ந்தது.

"இது போதும், கார்லன் அம்மா. மாடுகள் வெளியில போனது நிச்சயம். பஸ்காரர் உங்களுக்காகப் பொய் எழுதியிருக்க மாட்டார்."

"எனக்கு எதிராத்தான் எழுதினவர்" என்றார் எல்ஸ்பெத்.

"அப்ப முன்னுக்கு எழுதினது ஒரு பழக்கப் பிழை. கொப்பியில எழுதினது எல்லாம் நடந்திருக்கு, எழுதின நாள்தான் பிழை. ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடலாம். வெட்டு இல்லை."

நான் மூச்சை விட்டேன். மூன்றாவது தாளை அவர் இன்னும் புரட்டவில்லை. அவர் படிவத்தை எடுக்கக் கையை நீட்டினார். கதிரையின் கீழே நான் எல்ஸ்பெத்தின் சப்பாத்தை என் சப்பாத்தால் தட்டினேன். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"மூண்டாவது தாளைப் பாருங்கோ, பிள்ளை" என்றார். "பதினாலாம் திகதி."

ரெகுலா பார்த்தார். கொப்பியையும் பார்த்தார்.

"அண்டைக்குப் போகேல்லையோ?"

"போகேல்லை. நான் பல்லுப் புடுங்கப் போனனான்."

"ஆனால் போனதாக எழுதியிருக்கு."

"எழுதினது நான்."

"கார்லன் அம்மா, இப்ப இது எழுதின நாளில வந்த பிழை இல்லை. நடக்காத ஒண்டு நடந்ததாகப் பதிஞ்சிருக்கு. முன்னுக்கு எழுதக்கூடாது எண்டு சட்டம் வச்சதே இதுக்காகத்தான்."

எல்ஸ்பெத் யோசித்தார். "அது ஒரு காரணம்" என்றார். "சட்டத்தை எல்லாரும் சொன்னவை. காரணத்தை இண்டைக்குத்தான் ஒராள் சொல்லுது. சரி, எழுதுங்கோ."

ரெகுலாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டார். "வேற வழியும் இருக்கு. முதலாவது கட்டத்தைப் போட்டால், ஜனவரியில ஒழுங்காக வெளியில விடேல்லை எண்டு மட்டும் வரும். வெட்டு மிகவும் குறைவு. நீங்கள் சம்மதிச்சால்..."

"அந்தக் கட்டத்தில உங்கட பேனை படக்கூடாது!"

எல்ஸ்பெத் எழுந்துவிட்டார். அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"எழுபத்தொரு நாள் அதுகள் வெயிலில நிண்டதுகள். அதுக்குச் சாட்சி இந்த மேசையில கிடக்கு. பொய் எழுதினது நான். மாடுகள் எழுதேல்லை. என்ர பிழைக்கு என்னை வெட்டுங்கோ. அதுகள் நடந்ததை ஏன் இல்லையெண்டு எழுதுறியள்? ரெண்டாவதைப் போடுங்கோ."

"அதுக்கு எவ்வளவு போகும் எண்டு தெரியுமோ?"

"ரெண்டு மாடு. எந்த ரெண்டு எண்டும் தெரியும்."

ரெகுலா இரண்டாவது கட்டத்தில் புள்ளடி போட்டார். படிவத்தைத் திருப்பி வைத்துவிட்டு, எல்ஸ்பெத் கையெழுத்துப் போடும்போது மெதுவாகக் கேட்டார், "ஒண்டு கேக்கலாமோ? அந்தத் தாளை நீங்கள் தராட்டி எனக்குத் தெரிஞ்சிராது. ஏன் தந்தனீங்கள்?"

"எழுபத்தொரு நாளை நம்புங்கோ எண்டு கேக்கத்தானே வந்தனான். ஒரு நாளை மடியில ஒளிச்சுக்கொண்டு அதை எப்பிடிக் கேக்கிறது?"

ஏப்ரலில் இரண்டு பசுக்களையும் வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போனான். எனக்கு இன்னும் கோபம் இருந்தது, அவர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. படிவத்தின் பிரதியை அவர் குசினிச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் "பொய்ப் பதிவு" என்பதற்கு நேரே இருக்கும் பெரிய புள்ளடியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அவர் விரலை வைத்துக் காட்டுவது அதற்கு மேலே, "மாடுகள் வெளியே விடப்படவில்லை" என்ற கட்டத்தை. அது வெறுமையாக இருக்கிறது.